மாணாக்கர் இல்லம்: சாவி யார் கையில்?

கோடை விடுமுறை கழிந்து கலாசாலைகளின் கதவு திறக்கும் ஒவ்வொரு பருவத்திலும், திருநெல்வேலியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு பெட்டியும் ஒரு சான்றிதழ்க் கட்டுமாகச் சென்னையில் வந்து இறங்குகிறார்கள். கிண்டியில் பொறியியல் கற்க வந்தவர்கள் ஒரு சாரார். சேப்பாக்கத்தில் சர்வகலாசாலையை நாடி வந்தவர்கள் ஒரு சாரார். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள கல்லூரிகளில் இடம் பெற்றவர்கள் மற்றொரு சாரார். கலாசாலையில் இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி அவர்களுக்கு ஒரு வாரங்கூட நிலைப்பதில்லை. படிக்க இடம் கிடைத்தது. படுக்க இடம் எங்கே என்ற கேள்வி அடுத்த நாளே எழுந்து நிற்கிறது.

இக்கேள்வியை அற்பமென்று தள்ளுவோர் நமது ஜனத் தலைவர்களிலும் உளர். பிள்ளைகள் எங்கேயாவது ஒண்டிக்கொள்வார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். ஆனால், ஒரு தேசத்தின் வாலிபர்கள் தமது பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயது வரையில் எத்தகைய கூரையின் கீழ், யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டு, யாரோடு சமமாக அமர்ந்து உண்டு வளர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அத்தேசத்தின் அரசியலும் சமூகமும் அமையும் என்பது நமது துணிபு. ஆதலின் இது வாடகைப் பிரச்சினை மட்டுமன்று, சுயராஜ்யப் பிரச்சினையுமாகும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வீடு தேடும் மாணாக்கன் முதலிற் சந்திப்பது அட்வான்ஸ் என்னும் மதிற்சுவர். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரத்தில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட வழக்கம். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்று சொல்லுகிறது. ஆனால், இரு தரப்பாரும் வேறு விதமாக உடன்பட்டிருந்தாலன்றி என்ற ஒரு பக்கவாசலையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. வீடு வேண்டி நிற்பவன் எதற்குத்தான் உடன்படமாட்டான்?

முன்பணத்தைக் கடந்து வந்தவனை இரண்டாவது மதில் எதிர்கொள்ளுகிறது. "நீங்கள் எந்த ஊர்?" என்று தொடங்கும் விசாரணை, "மாமிசம் சாப்பிடுவீர்களா?" என்று வளர்ந்து, கேட்காமற் கேட்கும் ஒரு கேள்வியில் முடிகிறது. சைவ உணவு உண்போருக்கு மட்டும் என்று எழுதிய டூ-லெட் பலகைகளைக் காண மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளையும், முகம்மதியப் பிள்ளையும், வடகிழக்கு மாகாணங்களிலிருந்து வந்த பிள்ளையும் கையில் பணமிருந்தும் தெருவில் நிற்க நேருவது இதனாலேதான். கலாசாலையின் வாயிலில் அரசியல் சட்டம் காவல் நிற்கிறது; அதற்கு அரைமைல் அப்பாலுள்ள வீட்டு வாயிலில் அது நிற்பதில்லை.

மூன்று வழிகள்

இந்நிலையில் மாணாக்கனுக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. அவற்றை நாம் தர்மத்தின் வழி, சர்க்காரின் வழி, வியாபாரத்தின் வழி என்று கூறலாம்.

தர்மத்தின் வழிக்கு மயிலாப்பூரே சிறந்த உதாரணம். 1905ஆம் ஆண்டில், சசி மகராஜ் என்று சென்னைவாசிகள் அன்போடு அழைத்த சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் ஆசியுடன், சி. ராமஸ்வாமி ஐயங்கார் என்ற அன்பர் ஏழு சிறுவர்களை ஒரு வாடகை வீட்டில் வைத்துத் தொடங்கியதே ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம். ஏழு பேருடன் தொடங்கிய அந்த ஸ்தாபனம் நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்து இன்றும் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் இலவசமாக அளித்து வருகின்றது.

அதே மயிலாப்பூரில் 1930இல் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி தமது வீட்டிலேயே தொடங்கிய ஔவை இல்லத்தின் வரலாறு இன்னும் கூர்மையானது. தேவதாசிக் குலத்திற் பிறந்த சில சிறுமிகள் அம்முறையிலிருந்து தப்பி அடைக்கலம் தேடி வந்தபொழுது, அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரத்து விடுதிகள் மறுத்தன. விடுதிகள் மறுத்த பிள்ளைகளுக்காக ஒரு வீடே விடுதியாயிற்று; பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. இத்தகைய மகான்களுக்குத் தமிழ்நாடு என்றும் கடமைப்பட்டது. ஆயினும், தர்மம் எவ்வளவு உயர்ந்ததாயினும் கொடுப்போர் கை மேலும் வாங்குவோர் கை கீழுமாகவே இருக்கும். தேவைப்படுவோர் எல்லோருக்கும் அது போதுவதும் இல்லை.

இரண்டாவது, சர்க்காரின் வழி. ஆதி திராவிடர், பிற்படுத்தப்பட்டோர் முதலிய வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சர்க்கார் நடத்தி வரும் விடுதிகள் இல்லாவிடில், முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய எத்தனையோ பேர் அந்தப் படியைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள். ஒடுக்கப்பட்டோரின் தலைவராக விளங்கிய ராவ்பகதூர் எம். சி. ராஜாவின் பெயரால் சைதாப்பேட்டையில் உள்ள விடுதிக்கு 2025 ஏப்ரலில் புதிய அடுக்குமாடிக் கட்டடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இத்தகைய விடுதிகள் அனைத்துக்கும் சமூகநீதி விடுதிகள் என்ற பொதுப் பெயர் சூட்டப்பட்டது. மாகாணம் முழுவதிலும் அவை 2,739 என்று அப்பொழுது அறிவித்தார்கள். பெயர் நல்ல பெயர். ஆனால், விடுதிக்குள் வாழும் மாணாக்கன் அதன் நிர்வாகத்தில் ஒரு குரலும் இல்லாதவனாகவே இருக்கிறான். குழாயில் நீர் வராவிட்டால் அவன் மனுக் கொடுக்க வேண்டும். மனு மேலே சென்று ஆணையாகக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வியாபாரத்தின் வழி. பேயிங் கெஸ்ட் என்றும் ஹாஸ்டல் என்றும் மேன்ஷன் என்றும் பல பெயர்களில், ஓர் அறையில் நான்கு கட்டில்களைப் போட்டுக் கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் தொழில் இது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தொடங்கித் தரமணிச் சாலை வரையில் பரவியிருக்கும் இத்தொழில் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதற்கு, 2024 ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றமே இதைப் பற்றி ஆலோசித்து, குறைந்தது 90 நாட்கள் தங்குவோரிடம் மாதம் ரூ.20,000 வரை வாங்கும் விடுதிக் கட்டணத்துக்கு வரிவிலக்கு அளிக்க நேர்ந்ததே சாட்சி. எல்லா விடுதிக்காரர்களையும் கொள்ளைக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் கட்டடச் சொந்தக்காரருக்குக் கொடுக்கவேண்டிய வாடகை உண்டு, மின்சாரக் கட்டணம் உண்டு. ஆனால், வியாபாரத்தின் இயல்பு வியாபாரம். அங்கே ஐந்தாவது கட்டில் போட இடமிருந்தால் அது போடப்படும். கல்லூரி திறக்கும் மாதத்தில் விலை ஏறும். கேள்வி கேட்பவனுக்கு மாதக் கடைசி வரையில்தான் அவகாசம்.

இம்மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு லக்ஷணம் உண்டு. மூன்றிலும் வீட்டின் சாவி மாணாக்கனுடைய கையில் இல்லை. தர்மவானுடைய கையிலோ, அதிகாரியின் கையிலோ, முதலாளியின் கையிலோ அது இருக்கிறது. நான்காவது வழி ஒன்று உண்டு. மாணாக்கர்கள் தாங்களே ஒரு சங்கமாகச் சேர்ந்து, வீட்டை எடுத்து, தாங்களே அதை நடத்தி, ஆகும் செலவைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் கூட்டுறவின் வழி அது. அவ்வழி தென் சென்னையில் இன்னும் திறக்கவில்லை. திறப்பதற்கு வேண்டிய கருவிகள் யாவும் இந்நகரத்திலேயே சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டுவதே நமது நோக்கம்.

நமது நகரத்தின் முதுசொம்

கூட்டுறவு என்பது சென்னைக்கு இறக்குமதிச் சரக்கன்று. 1904ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருவல்லிக்கேணியில் பதினான்கு பேர் கூடி, ரூ.310 முதலுடன் ஒரு பண்டகசாலையைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் தேசமெங்கும் புகழ்பெற்ற வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அப்பொழுது ஹிந்து ஹைஸ்கூல் ஆசிரியர். அவரும் அம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர். அவ்வாண்டில் இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களை மட்டுமே மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அரிசியும் பருப்பும் விற்கும் சங்கம் அதன் கண்ணிற் படவேயில்லை. 1912இல்தான் விரிவான சட்டம் வந்தது. ஆனால், அந்தப் பதினான்கு பேரும் சட்டம் வரட்டும் என்று காத்துக் கிடக்கவில்லை. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் நடந்து வருகின்றது. நகரத்தில் எத்தனையோ குடும்பங்களின் ரேஷன் அரிசி அதன் கடைகள் வழியாகவே வருகின்றது.

உணவுக்குச் செய்ததை இருப்பிடத்துக்கும் சென்னைவாசிகள் செய்தார்கள். 1948இல், மகாத்மா மறைந்த அதே ஆண்டில், அடையாற்றில் அவர் பெயரால் காந்தி நகர் உருவாயிற்று. அதை உருவாக்கியது சென்னைக் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம். தனித்தனியே நிலம் வாங்கவும் வீடு கட்டவும் இயலாத மத்தியதர உத்தியோகஸ்தர்கள் ஒன்றுகூடியதால் இயன்ற காரியம் அது.

ஆனால், காந்தி நகரில் நாம் கற்கவேண்டிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. அங்கே சங்கம் வீட்டைக் கட்டியது. கட்டிய வீடு அங்கத்தினருடைய சொந்தச் சொத்தாயிற்று. சொந்தமான பிறகு அது சந்தையில் விலைபோகும் பொருளாயிற்று. கூட்டுறவினால் பிறந்த அந்த வீதிகளில் இன்று ஒரு மனையின் விலை, அதை முதலில் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளையே மலைக்க வைக்கக்கூடியது. இதில் எவர்மீதும் குற்றமில்லை. வீடு கட்டுவது வரையில் கூட்டுறவு, கட்டிய பின் தனியுடைமை என்பதே அந்த ஏற்பாட்டின் விதி. மாணாக்கர் இல்லத்துக்கு அந்த விதி உதவாது. அங்கே வீடு என்றென்றும் சங்கத்தினுடையதாகவே இருக்க வேண்டும். அங்கத்தினன் வந்து வாழ்ந்து, தன் பங்குத் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சாவியை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறவனாக இருக்க வேண்டும். விற்க முடியாத வீட்டுக்கு விலை ஏறினாலும் வாடகை ஏறக் காரணமில்லை. மாணாக்கர் கூட்டுறவின் மர்மம் முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது கருவி நமது விடுதிகளின் சமையலறையிலேயே இருக்கிறது. டிவைடிங் முறை என்பதைக் கல்லூரி விடுதியில் வாழ்ந்த எந்தத் தமிழனும் அறிவான். மாதத்தில் வாங்கிய அரிசி, பருப்பு, காய்கறி, விறகு அல்லது காஸ், சமையற்காரர் சம்பளம் ஆகிய யாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட நாட்களைக்கொண்டு வகுத்து, அவரவர் பங்கை அவரவர் கட்டுவதே அம்முறை. லாபம் என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. மாணாக்கரே மெஸ் காரியதரிசிகளாக இருந்து, விடியுமுன் கொத்தவால் சாவடிக்கும், பிற்காலத்தில் கோயம்பேட்டுக்கும் சென்று காய்கறி பேரம் பேசி, கணக்கு எழுதி, பலகையில் ஒட்டிய பரம்பரை நமது விடுதிகளுக்கு உண்டு. ஐம்பது பேருடைய சோற்றுக் கணக்கைச் சரியாக வகுக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதே ஐம்பது பேருடைய வாடகைக் கணக்கை வகுக்கத் தெரியாதா?

வெளிநாட்டு அனுபவம்

இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோருக்கு வெளிநாட்டுச் சான்றுகள் உள்ளன. 1933இல் அமெரிக்காவில் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலத்தில், கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில் பட்டினியோடு படித்துவந்த மாணாக்கர்களை ஹாரி கிங்மன் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் ஒன்று சேர்த்தார். அவர்களும், திருவல்லிக்கேணியாரைப் போலவே, பதினான்கு பேர்! அன்று தோன்றிய சங்கம் இன்று பல வீடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கர்களைக் குடிவைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வீட்டு வேலை செய்ய வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. சமையல், பாத்திரம் துலக்கல், பெருக்கல், கணக்கு எல்லாம் அதில் அடக்கம்.

அந்த ஐந்து மணி நேரத்தின் மதிப்பை நேயர்கள் சற்றே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். முப்பது பேர் கொண்ட ஒரு வீட்டில் அது வாரத்துக்கு 150 மணி நேரம். வாரம் 48 மணி நேரம் உழைக்கும் கூலியாட்கள் மூவருடைய வேலை அது. மூன்று பேருடைய சம்பளம் மிச்சமாகிறது. முதலாளியின் லாபம் மிச்சமாகிறது. குறைந்த வாடகை என்பது மாயமன்று; இவ்விரண்டு மிச்சத்தின் கூட்டுத்தொகையே அது. இதற்கு மேல், தன் தட்டைத் தானே கழுவியறியாத பிள்ளை கழுவக் கற்கிறான் என்பது வட்டி.

கனடா தேசத்து டொரண்டோ நகரில் 1936இல் மாணாக்கர் கூட்டுறவு இல்லம் தோன்றியதற்கு ஜப்பானியரான டொயோஹிகோ ககாவா அங்கு வந்து செய்த உபந்நியாசங்கள் தூண்டுகோலாயின. இதே ககாவா 1938 டிசம்பரில் கிறிஸ்தவ மகாநாட்டுக்காக நமது தாம்பரத்துக்கும் வந்தார்; மறு மாதம் காந்தியடிகளையும் சந்தித்தார். டொரண்டோவில் முளைத்த விதை தாம்பரத்தில் முளைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2014இல் திறந்த இல்லத்தில் 106 மாணாக்கர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் கட்டடத்தை விலைக்கு வாங்கித் தொடங்கவில்லை. ஒரு வீட்டுவசதி ஸ்தாபனத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்துத் தொடங்கினார்கள். முதல் இல்லாத நமது பிள்ளைகள் கவனிக்கவேண்டிய பாடம் இதுவே.

ஆக்ஷேபங்களும் சமாதானங்களும்

மாணாக்கன் மூன்றாண்டு இருந்து போகிறவன், அவனை நம்பி ஒரு சங்கம் நிலைக்குமா என்பது முதல் ஆக்ஷேபம். பெர்க்லியிலும் மாணாக்கன் மூன்று நான்கு ஆண்டுகளிற் போகிறவன்தான்; சங்கமோ தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. ஆற்றில் நீர் ஓடிக்கொண்டேயிருப்பதால் ஆறு இல்லாமற் போவதில்லை. ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியர் ஒருவர், கணக்குப் பரிசோதகர் ஒருவர், பழைய அங்கத்தினர் இருவர் ஆலோசகராக இருந்தால் தொடர்ச்சிக்குக் குறைவு வராது. வாக்கு மட்டும் வீட்டில் வாழ்பவர்களுக்கே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது ஆக்ஷேபம் இன்னும் வலியது. தமிழ்நாட்டில் கூட்டுறவு என்ற பெயரைக் கேட்டாலே அலுவலக மேசையும் கட்சிக்காரர் போட்டியும் நினைவுக்கு வருகின்றனவே என்று கேட்பவர்கள் உளர். அதை நாம் மறுக்கவில்லை. தேர்தலின்றித் தனி அலுவலர்களின் ஆட்சியில் நமது சங்கங்கள் ஆண்டுக்கணக்கிற் கிடந்ததுண்டு. ஆனால், 2011இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய 97ஆவது திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதைப் பிரஜையின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அத்திருத்தத்தின் வேறு பகுதிகள் 2021இல் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பினால் மாகாணச் சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாமற் போயின. இந்த உரிமை நிற்கிறது. உரிமை இருக்கிறது, அதை எடுத்து ஆள்வோர்தாம் வேண்டும். முப்பது பேர் ஒரே அடுப்பில் உண்ணும் சங்கத்தில், கணக்கு ஒரு மாதம் தவறினாலும் மறுநாட் காலையில் காரியதரிசி இட்லித் தட்டின் எதிரில் பதில் சொல்லியாக வேண்டும். அதைவிடச் சிறந்த தணிக்கை எது?

மூன்றாவது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சம். பெண்களைக் குறித்து இந்த அச்சம் பன்மடங்காகிறது. மாலை மணி இன்னதற்குள் திரும்ப வேண்டும் என்று பெண்கள் விடுதிகளில் மட்டும் பூட்டுப் போடுவதை எதிர்த்து 2015இல் டில்லி மாணவிகள் கிளர்ச்சி செய்ததை நேயர்கள் அறிவார்கள். பூட்டே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கதவை எப்பொழுது பூட்டுவது என்பதை உள்ளே வாழ்பவர்கள் கூடித் தீர்மானிக்கட்டும் என்கிறோம். பதினெட்டு வயதில் இந்நாட்டின் பிரதம மந்திரியைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் பெண், தன் வீட்டுக் கதவைப் பற்றி வாக்களிக்கத் தகாதவளா? பெண்களுக்கான விடுதிகளைப் பதிவுசெய்து பாதுகாப்பை உறுதிசெய்ய 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அச்சட்டத்துக்கு உட்பட்டே பெண்கள் சங்கமும் தன் இல்லத்தை நடத்தலாம்.

பந்தியில் வரும் சோதனை

ஆயினும் ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். கூட்டுறவு என்ற பெயர் மட்டும் எவரையும் நீதிமான் ஆக்கிவிடாது. தேசிய இயக்கமே ஒரு காலத்தில் மாணாக்கரின் சாப்பாட்டுப் பந்தியிலே சோதிக்கப்பட்டது. வ. வே. சு. ஐயர் பெருந்தியாகி, அவருடைய தேசபக்தியை ஐயுற்றவர் எவருமில்லை. அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் பொதுப்பணம் தந்தது. அங்கே பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளியானபொழுது, டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் எழுப்பிய கேள்வி 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலையே பிளந்தது. சுதந்தரத்துக்காகச் சேர்ந்து சிறை சென்றவர்கள் சேர்ந்து உண்ணும் விஷயத்தில் பிரிந்தார்கள். அந்தப் பிளவின் விலையை நாடு இன்னும் கொடுத்து வருகிறது.

சட்டமும் இதில் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று எண்ணலாகாது. அகமதாபாத்திலுள்ள ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் துணைவிதி, பார்ஸிகளுக்கு மட்டுமே அங்கத்துவம் என்று வரையறுத்திருந்தது. 2005இல் சுப்ரீம் கோர்ட் அத்துணைவிதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதாவது, வாசற்கதவில் ஜாதியையும் மதத்தையும் எழுதி வைக்கும் சங்கமும் கூட்டுறவுச் சங்கமாகவே பதிவில் நீடிக்கலாம். ஆதலின் மாணாக்கர் இல்லத்தின் கதவு யாருக்குத் திறக்கும் என்பதைப் பதிவாளரிடமோ நீதிபதியிடமோ விட்டுவைக்காமல், முதல் துணைவிதியிலேயே மாணாக்கர்கள் எழுதிவிட வேண்டும். ஜாதி, மதம், மொழி, மாகாணம் எதுவும் கேட்கப்படமாட்டாது. அடுப்பு ஒன்று, பந்தி ஒன்று. மாமிசம் உண்ணாதவனுக்குத் தனி உணவு உண்டு, தனி வரிசை இல்லை. இதை எழுதத் துணியாத சங்கம் மலிந்த வாடகைக்கு ஒரு மேன்ஷனாக இருக்கலாம், கூட்டுறவு இல்லமாகாது.

செய்யத்தக்கவை

இனிக் காரியத்துக்கு வருவோம். முதலாவது, இடம். பட்டினப்பாக்கத்திலும் சைதாப்பேட்டையிலும் வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகள் உள்ளன. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் கோயில்களுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் சொந்தமான மனைகளும் வீடுகளும் உள்ளன. கோயிலின் வருமானம் குறையவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. சட்டப்படியான நியாய வாடகைக்கு, நீண்ட தவணைக் குத்தகையாக, ஒரு பழைய வீட்டை ஒரு மாணாக்கர் சங்கத்துக்கு விட்டால் கோயிலுக்குத் தவறாத வாடகையும் வீட்டுக்குப் பராமரிப்பும் கிடைக்கும். வாரியமும் ஒரே ஒரு பிளாக்கைச் சோதனையாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, முதல். மாணாக்கன் இன்று விடுதிக்காரரிடம் கட்டும் முன்பணத்தையே பங்குத் தொகையாகச் சங்கத்தில் கட்டட்டும். போகும்போது குறையாமல் வாங்கிக்கொள்ளட்டும். கட்டில், பாத்திரம் முதலியவற்றுக்கான முதற்செலவைக் கூட்டுறவு பாங்கிகள் கடனாகத் தரலாம். கலாசாலைகள் ஜாமீன் நிற்கலாம். மளிகைக்குத் திருவல்லிக்கேணிச் சங்கம் இருக்கிறது; மூத்த சங்கம் இளைய சங்கத்துக்குச் சோறு போடுவதைவிட அழகான காட்சி வேறென்ன?

மூன்றாவதும் முக்கியமானதும், மனிதர். மாணாக்கர் சங்கங்களில் தொண்டாற்றும் வாலிபர்களுக்கு நாம் ஒன்று சொல்லுவோம். உலகப் பிரச்சினைகளைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றுவது உங்கள் உரிமை. அதை நிறுத்தச் சொல்லமாட்டோம். ஆனால், அத்தீர்மானத்தை எழுதிய கை அன்றிரவு யாருடைய கட்டிலில் எவ்வளவு வாடகைக்குத் தலைவைத்துப் படுக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கிண்டியிலோ மயிலாப்பூரிலோ முப்பது பேர் கூடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அதன் முதற் பக்கத்தில் துணைவிதிகளையும் இரண்டாம் பக்கத்தில் வரவு செலவையும் எழுதுங்கள். வீடு கேளுங்கள், மறுத்தால் மறுபடியும் கேளுங்கள், ஊரறியக் கேளுங்கள்.

சுயராஜ்யம் 1947இல் டில்லிக்கு வந்துவிட்டது. அது ஒவ்வொரு வீட்டின் அடுக்களை வரையில் வந்து சேர வேண்டும் என்பதே மகாத்மாவின் கனவாயிருந்தது. தன் ஜாதி எதுவென்று கேட்கப்படாத ஒரு வீட்டில், தன் முறை வந்த நாளில் உலை வைத்து, மாதக் கடைசியில் கணக்கைத் தானே சரிபார்த்து, மூன்றாண்டு முடிவில் சாவியை ஒரு புதிய பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போகும் வாலிபனும் யுவதியும் பிற்காலத்தில் எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் ஜனங்களின் வீட்டைத் தம் வீடென்று விற்கமாட்டார்கள். அத்தகையவர்களை வளர்க்கும் இல்லம் ஒன்றேனும் அடுத்த பருவம் பிறக்குமுன் தென் சென்னையில் திறக்குமாக. பதினான்கு பேர் போதும் என்று திருவல்லிக்கேணி 1904இலேயே காட்டிவிட்டது.